மொகல் தெருவில் பனிச் சங்கிலி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு விளம்பரப் பலகையிலிருந்து வந்தது. யாங்கோன் மொகல் தெருவில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே ஃபஹீமாவின் வாடகைக் கார் கடை. அதன் வாசலில் பர்மிய எழுத்திலும் தமிழிலும் இப்படி எழுதியிருக்கும்:

பனி டயரும் சங்கிலியும் உள்ள கார் வாடகைக்குக் கிடைக்கும். பனிச்சறுக்குப் பயணத்துக்கு ஏற்றது.

யாங்கோனில் பனி விழாது. இங்கே ஒன்று வேர்வையில் நனைவோம், இல்லையென்றால் மழையில் நனைவோம். அதனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஃபஹீமாவை ‘லாத்தா’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுச் சீண்டாமல் பொழுது போகாது.

“லாத்தா, பனி எந்தத் தெருவுல பெய்யுதாம்?”

“பெய்யுறப்போ எல்லாரும் என்கிட்டத்தான் வந்து நிக்கணும். அன்னைக்கு உங்களுக்கு மட்டும் கார் கிடையாது.”

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே உட்கார்ந்து தொடக்கங்களாக எழுதித் தள்ளினேன். ஒன்றும் உருப்படவில்லை. ஒன்றை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்:

வெண்பனி போர்த்திய அந்தக் காலையில் ஃபஹீமா காரின் கதவைத் திறந்தபோது

(நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்ததெல்லாம் ஐஸ் பெட்டிக்குள்தான். பொய் சொல்வது என் பிழைப்பு என்றாலும், எனக்கே தெரியாத பொய்யை எப்படிச் சொல்வது?)

2.

காரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. வெள்ளை ப்ரோபாக்ஸ். ஜப்பானின் வடக்கே, பனிக்குப் பேர்போன ஹொக்கைடோவில் ஓடிப் பழசாகி, கப்பலேறி இங்கே வந்தது. பின்கதவைத் திறந்தால் ஒரு நீலப் பெட்டி. அதற்குள் பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் இரும்புச் சங்கிலி. சக்கரங்களிலும் பனிக்கான டயர்களே இருந்தன. வேறு யாராவது இருந்தால் சங்கிலியைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். ஃபஹீமா பலகை எழுதினாள்.*

* வெளியூர் வாசகருக்கு: எங்கள் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல், ஏதோ அட்டையைச் செருகவில்லை என்று ஜப்பானிய மொழியில் மரியாதையாகக் குறைபட்டுக்கொள்ளும். யாரும் காதில் வாங்குவதில்லை. கதவில் எழுதியிருக்கும் ஜப்பானிய எழுத்தையும் யாரும் சுரண்ட மாட்டார்கள். நேராக ஜப்பானிலிருந்து வந்த கார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இந்தக் காரின் கதவிலும் நீல எழுத்தில் ஒரு வரி இருந்தது. பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்குக் கார் விடும் கம்பெனியின் பெயர் அது என்று ஃபஹீமா எல்லோரிடமும் சொல்லிவந்தாள். படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் மறுக்கவும் ஆள் இல்லை.

முதல் வரைவில் நான் அவளை விதவையாக்கியிருந்தேன். படித்துவிட்டு நேரே என் கடைக்கு வந்துவிட்டாள்.

“ஷாஹுல் காக்கா, என் புருஷன் அஷ்ஃபாக் அங்கே உள்ளே சோறு தின்னுட்டு இருக்காரு. அவரை எதுக்குக் கொன்னீங்க?”

“கதைக்குக் கொஞ்சம் சோகம் வேணுமேன்னு...”

“சோகம் வேணும்னா உங்க கடை யாவாரத்தைப் பத்தி எழுதுங்க.”

ஆகவே அஷ்ஃபாக் உயிரோடு இருக்கிறார். இந்தக் கதையில் அவருக்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

3.

இப்போது ருக்சார் வர வேண்டும். இவளைத்தான் எழுத முடியாமல் திண்டாடினேன். மழையில் நனைந்தபடி மர்மமாக வந்து நிற்பவளாக ஒருமுறை எழுதினேன். அது அவளே இல்லை. ருக்சார் யாங்கோனிலேயே அலோன் பேட்டைக்காரி, படகுத்துறைக் கிடங்கில் வேலை பார்ப்பவரின் மகள், ஜப்பானியம் படித்தவள், வாய் ஓயாதவள். கடைக்குள் வருவதற்கு முன்பே காரின் கதவில் இருந்ததைப் படித்துவிட்டாள்.

“லாத்தா, இது டோஃபு கடை பேரு.”

“என்னது?”

“டோஃபு. சோயாக் கட்டி. கீழே கடையோட போன் நம்பர்.”

ஃபஹீமாவின் முகம் போன போக்கை நான் எதிர்க்கடையிலிருந்து பார்த்தேன். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“பனியில டோஃபு கொண்டு போறவனுக்கும் சங்கிலி வேணும்ல?” என்றாள். பலகை அப்படியே இருந்தது.

“சரி, உனக்குக் கார் எதுக்கு?”

“பனிச்சறுக்குப் பயணத்துக்கு.”

டீக்கடையில் ஒரு சிரிப்பு எழுந்து, ருக்சார் சிரிக்காததைப் பார்த்ததும் அடங்கியது.

விஷயம் இதுதான். ஹொக்கைடோவில் ஒரு பனிச்சறுக்கு ஊர். அங்கே ஒரு வாடகைக் கார் நிலையத்தில் வேலைக்கு ருக்சார் மனுப் போட்டிருந்தாள். பனி டயரும் சங்கிலியும் போட்டுக் காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மலைப்பாதையில் சிக்கிக்கொண்டால் நிலையத்துக்குத்தான் போன் வரும். ஆள் போய்ச் சங்கிலி மாட்டிவிட வேண்டும். போனில் நடந்த நேர்காணலில் மேலாளர் அம்மா, “யாங்கோனில் சங்கிலி எங்கே கிடைக்கும்? எப்படி மாட்டுவாய் என்று வாயால் சொன்னால் போதும்” என்றிருக்கிறார். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “கிடைக்கும். மாட்டியே காட்டுறேன்” என்று சொல்லிவிட்டாள். அதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

“மாட்டலைன்னா?” என்றாள் ஃபஹீமா.

“வேலை இல்லை. அடுத்த குளிர்காலத்துக்குத்தான் இனி ஆள் எடுப்பாங்க.”

இன்றைய யாங்கோனில் அடுத்த வருஷத்தை நம்பிக் காத்திருக்கத் துணிகிறவர்கள் குறைவு. அவளோடு ஜப்பானியம் படித்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள்.

4.

பயிற்சி கடை வாசலில் நடந்தது. பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாள் வெயிலில் ஒட்டிப்போய்ப் பாதிதான் பிரிந்தது. மீதியை டீக்கடை விளக்கியது. ருக்சார் பின் சக்கரங்களில் சங்கிலியைப் போர்த்தி, உள்கொக்கியை மாட்டி, வெளிக்கொக்கியை மாட்டி, ரப்பர் வளையத்தை இழுத்துப் பூட்டினாள். மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

(ஒரு தவறு இந்தப் பத்தியிலேயே நடந்துவிட்டது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணாடி விற்பவன் கண்ணிலும்தான்.)

“தார் ரோட்டுல மாட்டினா என்னா பெருமை?” என்றாள் ருக்சார். “நழுவுற இடத்துல மாட்டி, காரை வெளியே எடுத்துக் காட்டணும். ஆத்தைத் தாண்டி த்வாண்டே வயல் பக்கம் போவோம்.”

“என் காரைச் சேத்துல இறக்கணுமா?”

“லாத்தா, பலகையில சறுக்குப் பயணம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க.”

ஃபஹீமா ஒப்புக்கொண்டாள். தானும் கூட வருவதாக நிபந்தனை போட்டாள். போனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே இனிமேல் வருவதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

5.

பயண வர்ணனை ஒன்று எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். நெல்வயலும் நாரையும் யாருக்கும் தெரியாததில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். கார்களின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போது ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வழி முழுக்க ஃபஹீமா சொல்லிக்கொண்டே வந்தாள். “போ... போ... வேணாம்! இப்போ போ.” ருக்சார் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடியே போனாள்.

த்வாண்டே தாண்டி, வயலுக்கு நடுவே ஒரு மண்பாதை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ருக்சார் வேண்டுமென்றே காரை அதற்குள் விட்டாள். கார் நன்றாகவே சிக்கிக்கொண்டது. குடையோடு வயல்காரர் இராமையா வந்தார்.

“தமீ, ட்ராக்டர் கொண்டாரவா?” மகளே என்பதைப் பர்மியத்தில்தான் சொன்னார்.

“யாபாதே, ஊலே. நானே எடுத்துடுவேன்.” பரவாயில்லை மாமா என்கிறாள்.

போன் இணைந்தது. திரையில் மேலாளர் அம்மா, கையில் தேநீர்க் கோப்பை. ஃபஹீமா குடையை விரித்துப் போனுக்கு மேலே பிடித்தாள். “அந்தம்மா நனையக் கூடாது” என்றாள். நான் நனைந்தேன்.

6.

ருக்சார் சேற்றில் முட்டி போட்டு மாட்டினாள். போர்த்தினாள், கொக்கிகளைப் பூட்டினாள், வளையத்தை இழுத்தாள். கை அவ்வளவு சுத்தமாக ஓடியது. இராமையா, “அடேங்கப்பா” என்றார். எனக்குப் பெருமையில் கை ஆடியிருக்க வேண்டும். போனிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. ருக்சார் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, வானத்தைக் காட்டாதீங்க, சக்கரத்தைக் காட்டுங்கன்னு அவங்க சொல்றாங்க!”

ருக்சார் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். காரின் குரல் வழக்கம்போல அட்டையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டது. போனுக்குள் மேலாளர் அம்மா சட்டென்று சிரித்து ஏதோ பதில் சொன்னார். யாங்கோனுக்கு வந்த பிறகு அந்தக் குரலுக்குப் பதில் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

இஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை. மறுபடி மிதித்தாள். சேறு தெறித்து என் சட்டையெல்லாம் அப்பியது. கார் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. மேலாளர் அம்மா கோப்பையைக் கீழே வைப்பது தெரிந்தது.

[இந்த இடத்தில் கதையை முடித்துவிட நினைத்தேன். மழை, அசையாத கார், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்த பெண், மெல்ல அணையும் போன். தோற்றுப்போகிறவர்களைப் பற்றி எழுதினால் ஆழமான எழுத்து என்பார்கள். அந்த முடிவைப் பிடித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால்

7.

ருக்சார் தலையைக் கவிழ்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

“மாமா! பின் சக்கரம் சுத்துதா?”

நான் சக்கரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன், சுற்றுகிற சக்கரத்தை.

“இல்லையே. முன்னாடி உள்ளதுதான் சுத்துது.”

என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். எழுதியதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

எங்கள் ஊரில் ஆள் ஏற்றிப் போகும் பழைய லைன் கார்கள் எல்லாம் பின் சக்கரத்தால் ஓடியவை. சேற்றில் மாட்டினால் பின்னால் கல்லைப் போடு, பின்னால் ஆளை ஏற்று என்றுதான் எங்கள் வாயில் வரும். சங்கிலி என்றாலும் கை தானாகப் பின்னால்தான் போகும். டோஃபு கடைக் காரோ முன் சக்கரத்தால் இழுப்பது. ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து அந்தப் பெண்ணுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

“ட்ராக்டர் கொண்டாறேன்,” என்று இராமையா திரும்பினார்.

“யாரும் காரைத் தொடக் கூடாது!” என்று கத்தினாள் ஃபஹீமா. தன் காரில் ஒரு துளி சேறு படக் கூடாது என்றிருந்தவள் சொல்கிறாள். “அவ எடுப்பா. ஜாக்கிக்கு அடியில போட ஒரு பலகை மட்டும் கொடுங்க.”

இராமையா களத்திலிருந்து ஒரு பலகை கொண்டுவந்தார். ருக்சார் யாரையும் குறை சொல்லவில்லை. போனைப் பார்த்து ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். (என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். “தப்பா மாட்டிட்டேன், இப்போ சரியா மாட்டுறேன்னு சொன்னேன்.”) பின் சங்கிலிகளைக் கழற்றினாள். பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினாள். ஜாக்கி சரிந்தது. மறுபடி வைத்தாள். ஸ்கார்ஃபை இறுக்கி முடிந்துகொண்டு, தோள்வரை சேற்றுக்குள் கையை விட்டு உள்கொக்கியைத் தேடினாள். அது விரலுக்கு அகப்பட்டபோது அவள் முகத்தில் தெரிந்ததை நான் திரையிலும் நேரிலுமாக இரண்டுமுறை பார்த்தேன். வெளிக்கொக்கி, ரப்பர் வளையம். அடுத்த பக்கம். மேலாளர் அம்மா போனை வைக்கவே இல்லை.

ஏறினாள். காரின் குரல் மறுபடி அட்டையைக் கேட்டது. “இரும்மா, இரு” என்று தமிழில் அதட்டினாள். மெல்ல மிதித்தாள்.

சங்கிலி சேற்றைக் கவ்விய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கார் ஒரு முறை உதறிக்கொண்டு, ஏறி, மண்பாதையைத் தாண்டி மேட்டில் போய் நின்றது. ஃபஹீமா குடையை வீசி எறிந்துவிட்டு ஓடினாள். இராமையா எனக்குக் கை கொடுத்தார், ஏதோ நான் ஓட்டியதுபோல. எனக்கு அழுகை வந்தது. மழையில் அதற்கு ஒரு வசதி உண்டு. போனுக்குள் மேலாளர் அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

(மேலே ஓர் அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விட்டிருக்கிறேன். தோல்வி முடிவு அதற்குள் கிடக்கிறது. கிடக்கட்டும்.)

8.

மேலாளர் அம்மா சொன்னதை ருக்சார் திரும்பும் வழியில் மொழிபெயர்த்தாள்.

“நான் பின்னாடி மாட்டுறப்பவே பார்த்துட்டாங்களாம். சொல்லாம இருந்தாங்களாம். அவங்ககிட்ட வர்ற பனிச்சறுக்குக்காரங்கள்ல பாதிப் பேர் இதே தப்பைத்தான் பண்றாங்களாம். ‘தப்பா மாட்டிட்டுக் கழட்டி மாட்டுற ஆளுதான் எனக்கு வேணும்’னாங்க.”

“அப்போ வேலை?”

“மொதப் பனி விழுறதுக்கு முந்தி வந்துடணுமாம்.”

ஃபஹீமா இடது சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தது. எதிரே பாதை காலியாக இருந்தது. “போ!” என்றாள், தெருவே கேட்கும்படி.

மறுநாள் காலை பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: முன் அனுபவம் உண்டு. டீக்கடை முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு டீ குடித்தது. கதவில் டோஃபு கடையின் பெயர் இன்னும் இருக்கிறது. அதை ஃபஹீமா தினமும் துடைக்கிறாள்.

9.

இனி முடிவு. ருக்சார் போய்விட்டாள். அங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் நிலையத்தின் போன் அடிக்கும். மலைப்பாதையில் ஒரு கார் சிக்கியிருக்கும். ருக்சார் சங்கிலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறப்பாள். வெளியே

முன்பே சொன்னேன், எனக்குப் பனி தெரியாது. அதனால் இந்தக் காட்சியை நான் எழுதப் போவதில்லை. கீழே மீதிக் காகிதத்தை வெள்ளையாக விட்டிருக்கிறேன். அந்தக் கார் அங்கேதான் எங்கோ நிற்கிறது. ருக்சாரோடு நீங்கள் போங்கள். கையில் பேனா இருந்தால் போதும். வழுக்கினால் பயப்பட வேண்டாம், இறங்கிச் சங்கிலியை மாட்டுங்கள்.

முதலில் எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று பாருங்கள்.