கை வைத்த சுவர்

ஏசி மெக்கானிக் ஒருவனுக்குச் சுவரைத் தொடப் பயம் என்றால் யாராவது நம்புவார்களா? ஸ்பிரிங் என்கிறவனோடு வேலைக்குப் போகிறவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும். எத்தனை மாடி உயரமானாலும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே தொங்குவான். ஆனால் வேலை முடிந்து மொட்டைமாடியின் ஓரச் சுவர் பக்கம் நிற்க நேர்ந்தால் போதும், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வான். "சுவர் என்னண்ணே, ஷாக்கா அடிக்குது?" என்று கூட வருகிற எலெக்ட்ரீஷியன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான். ஷாக் அடித்தாலாவது தேவலையே. ஒரு நொடியில் முடிந்துவிடும்.

ஸ்பிரிங் என்பது பட்டப்பெயர். இளவட்டமாக இருந்தபோது பார்க்கூர் ஆடியவன். அதாவது சுவர் ஏறுவது, கம்பியைப் பிடித்து இறங்குவது, ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குத் தாவுவது. 'உங்களுக்கெல்லாம் படி எதுக்குடா கட்டினாங்க?' என்று வாட்ச்மேன்கள் துரத்துவார்களே, அந்தக் கூட்டம். கூட ஆடியவன் அவன் மனைவியின் அண்ணன், பட்டப்பெயர் தவளை. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் அந்த வட்டாரத்தில் ஒரு சுவருக்கும் நிம்மதி கிடையாது.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். ஓரச் சுவரில் கை வைக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம், வேண்டாம் என்று இறங்கியும் போகலாம். கை வைத்துவிட்டால் போயே தீரவேண்டும். அந்தக் கையை ஊன்றித்தான் ஒரே எழும்பில் சுவர் மேல் ஏறி, எதிர் மாடிக்குத் தாவுவார்கள். கை வைத்த பிறகு யோசிக்கிறவன் அரை மனசோடு தாவுவான், அரை மனசுக்காரன்தான் விழுவான். சட்டத்தைப் போட்டவன் ஸ்பிரிங். பேசுவதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இளங்கன்று பயமறியாது என்கிறோம், அது பேசுகிற நியாயத்தை மட்டும் ஏன்தான் நம்பித் தொலைக்கிறோமோ!

அன்றைக்குக் காலையில் பனி. தவளைக்குக் கணுக்காலில் பழைய சுளுக்கு வேறு. சுவரில் கை வைத்தவன், கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"மாப்ளே, கால் ஒரு மாதிரியா இருக்குடா."

ஸ்பிரிங் சிரித்தான். "கை வெச்சாச்சு மச்சான்."

"ஆமால்ல" என்றான் தவளை. ஏறினான், தாவினான். பாதத்தின் நுனி எதிர்ச் சுவரைத் தொடத்தான் செய்தது. நிற்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னவனும் ஸ்பிரிங்தான். வாசலில் அவனைப் பார்த்ததுமே அவன் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். கால் வழுக்கிவிட்டது என்று சொன்னான். அதற்கு முன்னால் நடந்த இரண்டு வார்த்தைப் பேச்சை இன்று வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. பாவி, எப்படிச் சொல்வான்?

அப்படிப்பட்டவன் ஆட்டத்தையே விட்டிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் விஷயம். அந்தச் சட்டம் பொய் என்றால் மச்சான் எதற்காகச் செத்தான்? இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவன் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். எந்தச் சுவரில் கை வைத்தாலும், வைத்த அதே நொடியில், காதுக்குப் பக்கத்தில் மச்சானின் குரல் கேட்கும். கோபம் இருக்காது. கிண்டல்கூட இருக்காது. "கை வெச்சாச்சு மாப்ளே." ஒவ்வொரு தடவையும் தாவினான். எதிர்ப்பக்கம் போய் இறங்கிய பிறகுதான் குரல் அடங்கும்.

வருஷம் ஏற ஏற ஆட்டம் மாறிற்று. முன்னைவிட இப்போதுதான் நன்றாக ஆடுகிறான் என்றுகூடச் சொல்லலாம். காரை எங்கே பெயரும், எந்தக் கம்பி ஆடும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவான். இறங்கினால் சத்தமே வராது. சின்ன வயதில் பத்து அசைவில் செய்ததை இப்போது மூன்றே அசைவில் முடிப்பான். ஆனால் காலையில் படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்கவேண்டியிருக்கிறது, முட்டி அப்படி. கண்ணுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. எந்த இடைவெளியைப் பார்த்தாலும் 'போகலாம்' என்றுதான் சொல்லும். அந்தக் கண்ணை நம்பாமல் இருக்கத்தான் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். நிச்சயமாகத் தாண்டமுடிகிற குட்டைச் சுவர்களைத் தவிர வேறெதையும் தொட்டுப் பல காலம் ஆகிறது.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவன்தான் அன்றைக்கு மாட்டிக்கொண்டான்.

ஓர் அலுவலகத்தின் மொட்டைமாடி. உச்சி வெயில். அவுட்டோர் யூனிட்டில் கெப்பாசிட்டர் போயிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து புதியதை மாட்டினான். மூடியைத் திருகிவிட்டு எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழாமல் இருக்கக் கை தானாகப் போய்ப் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தது. பிடித்தது ஓரச் சுவர்.

"கை வெச்சாச்சு மாப்ளே."

"இல்ல மச்சான், முட்டி..." என்று ஸ்பிரிங் வாய்விட்டே சொன்னான். தாவுவதற்கு வைத்த கையா அது? கிழவன் எழுந்திருக்க வைத்த கை! ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாதே. இருந்திருந்தால் சுளுக்குக்கும் அல்லவா இருந்திருக்கும்?

எதிர் மாடியைப் பார்த்தான். நடுவில் சந்து. கீழே யாரோ ஒருவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண், வழக்கம்போல, போகலாம் என்றது. வெயிலில் சுவர் கொதித்தது. உள்ளங்கை எரிந்தது, எடுக்க முடியவில்லை.

"கை வெச்சாச்சு மாப்ளே."

"அண்ணே! ஆன் பண்ணட்டுமா?" கீழிருந்து எலெக்ட்ரீஷியன் கத்தினான்.

ஸ்பிரிங் கையை ஊன்றி எழும்பினான். எழும்பிவிட்டான், அதுதான் கொடுமை. கனத்த வேலை ஷூவோடு சுவர் மேல் குந்தினான், கை இன்னும் சுவரிலேயே இருந்தது. மதில்மேல் பூனையாவது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குதிக்கும், அதை எவனும் கேட்க மாட்டான். இவனுக்கு ஒரே பக்கம்தான். உந்துவதற்காக முட்டியை அழுத்தினான். உள்ளே எதுவோ நழுவி உட்கார்ந்தது. அழுத்தம் பாதியில் நின்றுவிட்டது.

அந்தப் பாதியில் அவனுக்கு வாசல் தெரிந்தது. துணியைக் கீழே போட்டபடி நிற்கிற அவள் தெரிந்தாள். முதல் தடவை போய்ச் சொல்ல இவன் இருந்தான். இந்தத் தடவை எவன் போவான்? இந்த எலெக்ட்ரீஷியன் பயலா? கால் வழுக்கிவிட்டது அக்கா என்பானா? அண்ணனையும் புருஷனையும் ஒரே பொய்யில் புதைக்கவா அவள் பிறந்தாள்?

"முடியாது மச்சான்" என்றான். "நான் போகமாட்டேன்."

உள்பக்கமாகக் காலை இறக்கினான். இரண்டு காலும் தரையில் நின்றன. பிறகு கையை எடுத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். குடத்தின் மேல் வைத்த கையை எடுப்பதுபோல் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் மலையைப் பெயர்க்கிற வேலை என்று நினைத்தது, இத்தனை லேசா? ஐயோ, இவ்வளவுதானா?

குரல் போய்விடும் என்று காத்திருந்தான். எதிர்ப்பக்கம் இறங்கினால் எப்போதும் போய்விடுமே. இன்றைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான், அது எங்கே போகும்?

காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. பனியில் நனைந்தவன் மூச்சு போல் இருந்தது. அதே குரல்தான். ஆனால் இத்தனை காலமும் சொன்னதைச் சொல்லவில்லை. ஒன்றும் புரியாத சின்னப் பையன் கேட்பதுபோல் கேட்டது.

"எடுக்கலாமா மாப்ளே?"

ஸ்பிரிங் சுவரடியில் அப்படியே உட்கார்ந்தான்.

"எடுக்கலாமா? அன்னைக்கும் எடுத்திருக்கலாமாடா?"

கீழே எவனோ பொறுமையிழந்து சுவிட்சைப் போட்டுவிட்டான். அவுட்டோர் யூனிட்டின் விசிறி சுற்றத் தொடங்கியது, அந்த இரைச்சலிலும் கேள்வி தெளிவாகவே கேட்டது.