துணைக்கு வந்தவள்

மெதுவாகச் சாப்பிடு, எர்லிண்டா. தட்டு காலியானால் உன்னை எழுப்பிவிடுவார்கள்.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுட்ட மீனில் ஒரு துண்டைப் பிய்த்துச் சோற்றோடு வாயில் வைத்துக்கொண்டாள். ருசி எதுவும் தெரியவில்லை. காலையிலிருந்து வெண்டல் என்ற அமெரிக்கரின் விடுதியில் விரிப்புகளைத் துவைத்ததில் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பார்த்தால் வேறு யாருடைய விரல்களோ போலிருந்தது.

பக்கத்தில் அவள் அக்கா மகள் செரலின், இரவல் மஞ்சள் கவுனில். எதிரே கர்ட்டிஸ், அமெரிக்காவிலிருந்து பெண் தேடி டுமகேட்டி என்ற இந்தக் கடலோர ஊருக்கு வந்தவன். இங்கே முதல் தடவை ஒரு பெண்ணை வெளியே அழைத்தால் துணைக்கு ஒருத்தி கூட வருவாள். அவளுக்கும் சேர்த்துச் சோறு வாங்கித் தர வேண்டும். அந்த வழக்கத்தை வைத்துத்தான் கடற்கரைச் சாலையின் இந்தச் சாப்பாட்டுக் கடையில் அமெரிக்கர்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள்.

"கர்ட்டிஸ், இன்னிக்கு சித்தி. நாளைக்குத் தெருவே வரும். அண்டாவா ஆர்டர் பண்ணுடா," என்றான் பின்மேசைக்காரன் ஒருவன். அவன் கூட்டம் சிரித்தது.

"வாயை மூடுடா," என்றார் அடுத்த மேசையிலிருந்து வெண்டல். இங்கேயே கல்யாணம் செய்து, விடுதி நடத்துகிறவர். "துணையோட வர்றவதான் குடும்பத்துப் பொண்ணு. என் பொண்டாட்டிகூட மூணு பேர் வந்தாங்க."

"அந்த மூணு பேரும் இன்னும் உங்க வீட்லதானே சாப்பிடறாங்க?"

"உங்கள மாதிரி ஆளுங்களாலதான்டா எங்களையும் கேவலமாப் பாக்கறாங்க."

"நீங்க மட்டும் சர்ச் கட்டவா வந்தீங்க?"

இரண்டு பக்கத்துக் கைகளும் எர்லிண்டாவைச் சுட்டிச் சுட்டிப் பேசின. அவள் முள்ளை ஓரமாக ஒதுக்கினாள்.

கர்ட்டிஸ் எழுந்து போய் வெண்டலின் காதில் ஏதோ சொன்னான். வெண்டல் தலையாட்டிவிட்டு அவளிடம் வந்தார்.

"எர்லிண்டா, நீ கிளம்பும்மா. அவங்க ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசட்டும். நல்ல பையன், நான் பொறுப்பு."

"அதான் பெரியவரே சொல்லிட்டாரே," என்றான் பின்மேசைக்காரன். முதல் முறையாக அவன் குரலில் மரியாதை இருந்தது.

வரும் வழியில் செரலின் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'என்ன ஆனாலும் எழுந்து போயிடாதே, சித்தி.' இப்போது மேசைக்கடியில் அவள் முழங்கால் எர்லிண்டாவின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவகூட வந்தேங்க. அவகூடத்தான் போவேன்."

"அப்போ திங்கக்கிழமைலேர்ந்து துணிக்கு வேற ஆள் வெச்சுக்கறேன்."

"சரிங்க."

பயமோ கோபமோ வரும் என்று அவளும் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

வெண்டல் அவள் பின்னால் போய், பெரிய விருந்துகளில் பெண்களுக்குச் செய்வதுபோல, நாற்காலியை மரியாதையாக இழுத்தார். நாற்காலியோடு சேர்ந்து அவளும் ஒரு சாண் பின்னால் போனாள். எழுந்திருக்கவில்லை.