எலும்புத் தட்டு

மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில் என் தட்டு இருந்த வரைக்கும் நான் நல்ல மனுஷன்தான். வேண்டுமானால் என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். இல்லை, வேண்டாம், அவளைக் கேட்காதீர்கள்.

நான் பீங்கான் பாத்திரம் செய்கிறவன். டீ குடிக்கிற கோப்பை, அழகுக்கு வைக்கிற ஜாடி, அந்தப் பக்கமெல்லாம் போவதில்லை. பரிமாறுகிற பாத்திரம் மட்டும். வீடுகளுக்குக் கிண்ணமும் மூடி போட்ட சட்டியும், ஓட்டல்களுக்கு மேசைக்கு மேசை வைக்கிற அகலத் தட்டும். எல்லாம் கையால் செய்தது, எல்லாம் வட்டம். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஆடாது. "மெஷின்ல செஞ்ச மாதிரியே இருக்குங்க" என்று யாராவது சொன்னால், அது பாராட்டு என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சகலை வந்தார்.

என் மனைவியின் தங்கை புருஷன். உறவில் எனக்கு இளையவர், வயதில் மூத்தவர். அதனால் நான் அவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும், அவரும் எனக்குக் கொடுப்பார். ஒரு ஆள்மேல் வயிறு எரிவதற்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மறுவாரமே என் பட்டறை வாசலில் நின்றார்.

"வீட்டுல உட்கார்ந்தா உங்க கொழுந்தியா என்னையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளுறா சகல. ஒரு ஓரமா மண்ணு பிசைஞ்சுட்டுப் போறேனே."

சக்கரம் அவருக்கு வரவே இல்லை. மண் அவர் கையிலிருந்து தப்பித்து ஒரு தடவை ஜன்னல் வரைக்கும் போனது. "எல்லாருக்கும் வந்துடுமா சகல, விடுங்க" என்று ஆறுதல் சொன்னேன். உலகத்திலேயே சந்தோஷமான ஆறுதல் அதுதான்.

அவர் சக்கரத்தை விட்டுவிட்டார். மண்ணை மேசைமேல் போட்டுத் தட்டித் தட்டிப் பரப்பி, விரலால் ஓரத்தைத் தூக்கி, நீளமாக ஒரு தட்டு செய்தார். கோணல். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, தூங்கி எழுந்த தலையணை மாதிரி இருந்தது. போனால் போகிறது என்று சூளையில் ஒரு மூலை கொடுத்தேன்.

சூளை திறந்த அன்றைக்குத்தான் சமையல்காரம்மா வர வேண்டுமா? சொந்தமாக ஓட்டல் வைத்திருந்தாலும் அடுப்பை விட்டு நகராதவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். வருஷக்கணக்காக என்னிடம்தான் பாத்திரம் வாங்குகிறார். அன்றைக்கும் கிண்ணங்களை எடுத்துப் போக வந்திருந்தார். என் கிண்ணங்கள் முன்வரிசையில் பளபளவென்று நின்றன. அவர் கண் அவற்றைத் தாண்டி மூலைக்குப் போனது.

"இது யாரு செஞ்சது?"

"அதுவா, நம்ம சகலை. சும்மா பொழுதுபோக்கு."

அவர் அதைக் கையில் எடுத்து, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி ஓரத்தைத் தடவினார். என் தட்டுகளை அவர் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், விரிசல் இருக்கிறதா என்று. தடவியதில்லை.

"புதுசா ஒரு இடம் திறக்கிறேன். மீன் மட்டும்தான். மேசைக்கு ஒரு தட்டு வேணும். அதுல முழு மீனு கால் நீட்டிப் படுக்கணும்."

"மீனுக்கு ஏதும்மா காலு?" என்றார் சகலை, கையில் ஒட்டிய மண்ணோடு.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் இத்தனை வருஷமாக அவருக்கு ஜோக் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். "பில்லு எங்கே?" என்பார்.

போகும்போது சொன்னார்: "ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க. எது மனசுக்குப் பிடிக்குதோ, அதையே எல்லா மேசைக்கும் போட்டுடலாம்."

என் சூளை, என் மண், என் வாடிக்கையாளர். நடுவில் ஒரு போட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மேசை நடுவில் அந்தத் தலையணை இருந்தது. சகலை அதை மாமியாருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். என் தட்டு எங்கே என்று தேடினேன். ஜன்னலோரம், பூந்தொட்டிக்கு அடியில், ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளையோட கைவேலையை! எதை வெச்சாலும் எடுப்பா இருக்கு. இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க."

"பசியில்லை அத்தை."

மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறையில் நின்று காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "பசியில்லாமலேயே இவ்வளவு சாப்பிடுறீங்களே, பசிச்சா என்னையும் சாப்பிட்டுடுவீங்க போல?"

"அந்தத் தட்டுல என்ன இருக்குன்னு எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க?"

"தெரியலைங்க. தொட்டா நல்லா இருக்கு."

அந்தப் பதிலோடு படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும், பாத்திரம் கழுவுகிறேன் என்று நானே எழுந்தேன். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கழுவினேன், துடைத்தேன், தலையணைத் தட்டை மட்டும் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

சகலை காலையில் வந்து மதியம் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுத் தட்டை வெளியே எடுத்தேன். கவிழ்த்தேன், நிமிர்த்தேன். அட்டையை வெட்டி அதன் வளைவுகளை எடுத்தேன். நீளம், அகலம், எந்த இடத்தில் ஓரம் ஏறுகிறது, எந்த இடத்தில் சோம்பேறித்தனமாகச் சரிகிறது, எல்லாவற்றையும் கயிறு பிடித்து அளந்தேன். கோணலாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் விரல் தானாகவே எல்லாவற்றையும் நேராக்கியது. அடித்து அடித்துக் கோணலாக்கினேன். கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சு அசல். என்னுடையது ஈர மண், அவருடையது சுட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

மறு ஞாயிறு திருட்டுத் தட்டைப் பழைய இடத்திலேயே சொருகினேன். "அட, இங்கேயேதான் இருந்துச்சா! வாரம் பூரா தேடினேனே!" என்றார் மாமியார். சகலை அதைக் கையில் வாங்கி, அடியில் காய்ந்து ஒட்டியிருந்த சாம்பல் நிற மண்ணை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்தார். பிறகு மீன் கேட்டார். அவ்வளவுதான்.

சமையல்காரம்மாவுக்குக் காட்ட வேண்டிய நாள் காலையில் சூளையைத் திறந்தேன். சூடு ஆறக்கூடப் பொறுமையில்லை. மேலே பூசிய கிளேஸ் கண்ணாடி மாதிரி அழகாக உருகி இறங்கியிருந்தது. விரிசல் இல்லை. ஆனால் தட்டு சின்னதாக இருந்தது.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. சூளைதான் ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். அப்போது எதிர்ச் சுவரில் இருந்த பலகை கண்ணில் பட்டது. பழக வருகிறவர்களுக்காக நானே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியது: "காய்ந்தால் மண் சுருங்கும். சுட்டால் இன்னும் சுருங்கும். பெரிதாகவே செய்யவும்."

முதல் நாள் வருகிற குழந்தைக்கும் நான் சொல்கிற விஷயம். ஆனால் நான் பிழைப்பில் இறங்கிய நாளிலிருந்து சுட்ட பாத்திரத்தை அளந்ததே கிடையாது. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஈர அளவுதான். சுருங்குவதற்கும் சேர்த்துக் கை தானே பெரிதாகச் செய்துவிடும். இன்னொருத்தர் தட்டை அளந்து செய்ய வேண்டிய நிலைமை அதற்கு முன்னால் வந்ததில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அய்யோ, தங்கச்சி வீட்டுக்காரர் தட்டு குட்டி போட்டிருக்கா?"

வேறு செய்ய நேரமில்லை. துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். சகலை வேறு ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தால் தப்பித்துவிடலாம் என்பதுதான் என் ஒரே நம்பிக்கை.

புது இடத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சகலை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மாமியார் வீட்டுத் தட்டு. "திரும்பச் செஞ்சு பாத்தேன் சகல, இது மாதிரி அமையலை. அத்தைகிட்ட கேட்டு இதையே எடுத்துட்டு வந்துட்டேன்."

சமையல்காரம்மா உள்ளே போய் ஒரு முழு மீனைக் கொண்டுவந்தார். முதலில் சகலையின் தட்டில் வைத்தார். மீன் சுகமாகப் படுத்தது. என் தட்டில் வைத்தார். வால் வெளியே தொங்கியது.

"சின்னதாப் போச்சே தம்பி," என்றார். மீனை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒதுக்கி வைப்பதற்காக என் தட்டைத் தூக்கிச் சகலையின் தட்டுக்குள் வைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. உட்கார்ந்துவிட்டது. ஏற்றத்துக்கு ஏற்றம், சரிவுக்குச் சரிவு, சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி.

அம்மா குனிந்து பார்த்தார். "இதென்ன, தாயும் பிள்ளையும் மாதிரி? ரெண்டு பேரும் பேசிவெச்சுச் செஞ்சீங்களா?"

சகலை என்னைப் பார்க்கவில்லை. "ஆமாம்மா. சகலையோட யோசனைதான். பெருசுல மீனு. சின்னது பக்கத்துல இருக்கும், முள்ளு, எலும்பு போட."

எவ்வளவு அழகான பொய்! ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மண் சுரண்டிய அன்றைக்கே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அத்தை முன்னால் சொல்லவில்லை, இங்கேயும் காட்டிக்கொடுக்கவில்லை. தட்டுதான் என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று பார்த்தால், பெருந்தன்மையிலும் முந்திவிட்டாரே என்று எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. பேசாமல் தலையாட்டியிருக்கலாம். மரியாதையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எலும்பா?

திருடன் என்ற பேரைத் தாங்கிக்கொள்ளலாம். எலும்புத் தட்டு செய்கிறவன் என்ற பேரை என்னால் தாங்க முடியாது.

"பொய்யிங்கம்மா," என்றேன். "இவர் தட்டை நான் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போய், அளந்து காப்பியடிச்சேன்."

"அளந்தும் சின்னதா வந்துச்சா?"

நான் புதுப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்தேன். சகலைதான், மருத்துவமனையில் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "சுட்ட தட்டை அளந்து, அதே அளவுக்குப் பச்சை மண்ணுல செஞ்சுட்டீங்களா சகல?"

"ஆமா."

அம்மாவுக்கு விஷயத்தை அவரே விளக்கினார், மெதுவாக, என் பலகையில் இருக்கிற அதே வார்த்தைகளில். அம்மா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு வழியாக அவரைச் சிரிக்க வைத்துவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "பெரிய தட்டு எல்லாம் இவரு செய்யட்டும். ஆனா எலும்புத் தட்டு யோசனை நல்லா இருக்கே! அதை நீங்க செஞ்சு குடுங்க தம்பி. இதே அளவு. மாத்திடாதீங்க."

அப்புறம் என்ன? ஒரே பட்டறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து, அவர் மீனுக்குச் செய்தார், நான் முள்ளுக்குச் செய்தேன். அவர் ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் பார்த்து ரசிப்பார். நான் அவர் செய்ததை ஈரத்திலேயே பார்த்து, அதற்கேற்றபடி கோணலாக, அதைவிடச் சின்னதாக ஒன்று செய்வேன். அவருடைய முதல் தட்டின் அடி காயும்போது பிளந்தது. நடுவை நன்றாக அழுத்தாமல் விட்டிருந்தார். சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். டீ தீர்ந்துவிட்டதால் சொன்னேன். சூளை அடுக்கும்போது அவர் தட்டுகளைச் சூடு சீராக வருகிற நடு அடுக்கில் வைத்தேன். என்னுடையது மூலைக்குப் போனது. திறந்த அன்றைக்கு அவருடையதில் ஒன்றாவது கோணியிருக்கும் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஏற்கெனவே கோணல், அதில் என்ன கண்டுபிடிப்பது?

ஓட்டல் திறந்த மதியம் குடும்பத்தோடு போனோம். மேசைக்கு மேசை சகலை தட்டு. "இது எங்க சின்ன மாப்பிள்ளை செஞ்சது" என்று மாமியார் பரிமாறுகிறவரிடமும் பக்கத்து மேசையிடமும் சொன்னார். சகலை ரொம்ப அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அந்த அடக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மீன் இறங்கவில்லை. என் தட்டுகள் எல்லா மேசையிலும் எச்சில் முள்ளைச் சுமந்துகொண்டிருந்தன.

பக்கத்து மேசையில் ஒரு பெண் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள். எலும்புத் தட்டை எடுத்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். இன்னொரு தடவை தடவினாள். பிறகு அதிலிருந்த முள்ளையெல்லாம் அப்படியே சகலையின் பெரிய தட்டில் கொட்டிவிட்டு, யார் செய்தது என்று பார்க்க என் தட்டைக் கவிழ்த்தாள்.

"இது மட்டும் தனியா விலைக்குக் கிடைக்குமாங்க?" என்று பரிமாறுகிறவரைக் கேட்டாள்.

நான் மெதுவாகத் திரும்பி சகலையைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் முள் குவிந்து கிடந்த தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"இன்னும் ஒரு துண்டு மீனு வைக்கட்டுமா சகல?" என்றேன்.

"வேண்டாம் சகல. பசியில்லை."

நல்ல துண்டாகப் பார்த்து, முள் எடுத்து, அவர் தட்டில் வைத்தேன்.