நல்ல தண்ணீர் நின்ற உயரம்

அந்த வாரம் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் வேலை ஒரே இடத்தில்தான், நகரத்துக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில். அவர் ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். அவர் இறைத்து அனுப்பும் தண்ணீரை அவள் சோதனைக்கூடத்தில் பரிசோதித்து, குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை. வந்தது போன திங்கட்கிழமை. ஆற்றில் உப்பு ஏறுவதைக் காட்டும் மீட்டர் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது என்று அவள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். மேலிடம் மீட்டரை மாற்றவில்லை. ஆபரேட்டருக்கு ஒரு மெமோ அனுப்பியது.

அன்றிலிருந்து வீட்டில் மகள்தான் தபால்காரி. “சாப்பாடு ஆச்சான்னு உங்கம்மாவைக் கேளு.” “கண்ணு தெரியலையான்னு உங்கப்பாவைக் கேளு.” மூன்றாம் நாள் காலை அந்தப் பெண், “ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ்தானே, அங்கேயே அடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அன்றைய முதல் சோதனையைச் செய்தாள். நிறங்காட்டிச் சொட்டு கலந்த ஆற்றுத் தண்ணீர் குடுவையில் மஞ்சளாக நின்றது. மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி உப்புக் கரைசலைத் துளித் துளியாக விட்டாள். மஞ்சள் செங்கல் நிறமாக மாறும்வரை எத்தனை விட்டோம் என்பதுதான் கணக்கு. வழக்கமாக நிறம் மாறும் இடத்தில் மாறவில்லை. இன்னும் விட்டாள். நேற்று லிட்டருக்குத் தொண்ணூறு மில்லிகிராம் இருந்த உப்பு, இன்று நூற்று நாற்பது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். அதே நூற்று நாற்பது. பத்து நாற்பதுக்குக் குழாயைத் திறந்து புதிதாகப் பிடித்துப் பார்த்தாள். இருநூற்று முப்பது.

இருநூற்றைம்பதைத் தாண்டினால் ஊருக்கு அனுப்பக் கூடாது. சுவரில் ஒட்டியிருந்த ஓத அட்டவணையைப் பார்த்தாள். கடல் முழுசாக ஏறி நிற்பது மதியம் ஒன்றரைக்கு. ஏற இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

நிலையம் கட்டியபோது கடலுக்கும் ஆற்றங்கரைப் பம்புக்கும் நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் உப்பு வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உப்பு ரயில் பாலத்தோடு நின்றுவிடும். பிறகு கடல் மட்டம் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தது. மலைப்பக்கம் மழை இரண்டு வருஷமாகப் பொய்த்ததில், வரும் கடலைத் தள்ளிவிட ஆற்றில் வேகம் இல்லை. பாலத்தைத் தாண்டி, செங்கல் சூளையைத் தாண்டி, உப்பு கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் மாதாமாதம் எழுதி எழுதித்தான் அவளுக்கு ‘உப்பு மேடம்’ என்று பெயரே வந்தது.

உதவிப் பொறியாளருக்குப் போன் செய்தாள். அவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். நல்லவர்தான், ஆனால் பயந்தவர்.

“சார், இருநூத்தி முப்பது வந்துடுச்சு. பம்ப்பை நிறுத்தணும்.”

“மீட்டர் என்ன மேடம் காட்டுது?”

“அது செத்து ரெண்டு மாசம் ஆச்சு சார்.”

“மேடம், ஊர்த் தொட்டியில எல்லாம் மூணுல ஒரு பங்குதான் இருக்கு. அஞ்சு மணிக்குத் தண்ணி விடணும். இப்ப நிறுத்தினா மொத்த ஊரும் நம்ம வாசல்ல வந்து நிக்கும்.”

“நிறுத்தலைன்னா நிலத்தடித் தொட்டியில இருக்கற நல்ல தண்ணியும் கெட்டுடும். அப்புறம் மூணுல ஒரு பங்குகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அதுதான் போகுது.”

“பெரியவர் மீட்டிங்ல இருக்கார். கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஓடட்டும்.”

ஆஸ்பத்திரி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மணிக்கு டயாலிசிஸுக்குப் படுக்கும் பதினொரு பேரில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் கொஞ்சம் உப்பைத் தாங்கும். அளவு எகிறினால் அலறிக்கொண்டு நின்றுவிடும். நாத்தனாருக்கு வாரத்தில் மூன்று நாள். ஒரு நாள் தவறினாலே முகம் ஊதி, மூச்சு வாங்கும்.

அவள் போனுக்குக் காத்திருக்கவில்லை. உப்பை அளக்கும் கைக்கருவியையும், ஈயக்குண்டு கட்டிய சோதனைப் புட்டியையும், நைலான் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பம்ப் ஹவுஸ் ஆற்றுக்குள் நிற்கும் ஒரு வட்டமான கான்கிரீட் கிணறு. கரையிலிருந்து அதற்கு இரும்பு நடைபாலம். உள்ளே இரண்டு மோட்டார்களும் உறுமிக்கொண்டிருந்தன. கணவர் வாசலில் வந்து நின்று அவளையும் பையையும் பார்த்தார்.

“என்ன, இன்னொரு மெமோவுக்கு அளவெடுக்க வந்தியா?”

மூன்று நாளில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து புட்டியை ஆற்றில் இறக்கினாள். மேலாக ஒன்று, ஆறடியில் ஒன்று, பத்தடியில் ஒன்று, பதினாலடியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் கைக்கருவியை நனைத்துக் குறித்துக்கொண்டாள். மேல் தண்ணீரில் நூற்றுப்பத்து. ஆறடியில் நூற்று முப்பது. பத்தடியில் முந்நூற்றுச் சொச்சம். பதினாலடியில் கருவி ஆயிரத்தெண்ணூறு என்று காட்டியதும் மேல் தண்ணீரை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

இங்கே இறைப்பது சோதனைக்கூடக் குழாய்க்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே அவள் பார்த்த இருநூற்று முப்பது பழைய சேதி.

குறித்த தாளை அவர் முன்னால் நீட்டினாள். “உப்புத் தண்ணி கனம். அடியில நுழைஞ்சு வருது. உங்க மதகு எத்தனை அடியில இருக்கு?”

“பன்னெண்டு.”

“அப்ப நீங்க இறைக்கறது கடலை.”

அவர் தாளை இரண்டு முறை படித்தார். கோபம் வடிந்து, வேலைக்காரனின் முகம் வந்தது. “மேலாக நூத்திப்பத்துதானா? நிச்சயமா?”

“ரெண்டு தடவை பார்த்தேன்.”

“மேல் மதகு ஒண்ணு இருக்கு” என்றார் மெதுவாக. “ஆத்துல தண்ணி இறங்கினதுல பத்து வருஷமா அது வெளியில நிக்குது. திறந்தா காத்தைத்தான் குடிக்கும்.” சொல்லிக்கொண்டே கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இங்க வா. பாரு.”

மேல் மதகின் கம்பி வலை தண்ணீருக்குள் இருந்தது. கடல் அடியில் நுழைந்து ஆற்றைத் தூக்கிப் பிடித்ததில், நல்ல தண்ணீர் அந்த மதகுக்கு மேல் மூன்றடி நின்றது.

அப்போது அவருடைய போன் அடித்தது. உதவிப் பொறியாளர். “அண்ணே, மேடம் அங்க வந்திருக்காங்களா? என்ன சொன்னாலும் பம்ப்பை மட்டும் நிறுத்திடாதீங்க. பெரியவர் இன்னும் வெளிய வரலை.”

இரண்டாவது மெமோ வந்தால் வேலையை விட்டு நிறுத்தி வைப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், எழுதிக்கங்க. நான்தான் நிறுத்தறேன். மணி பதினொண்ணு இருபத்தெட்டு.”

சிவப்புப் பொத்தானை அமுக்கினார். உறுமல் அடங்கியதும் சுவரில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது.

பம்ப் ஹவுஸ் வாட்ச்மேன் அண்ணனும் சேர்ந்து கீழ் மதகை மூடிவிட்டார்கள். மேல் மதகின் சக்கரம் அசையவில்லை. எண்ணெய் ஊற்றினார்கள். இரும்புக் குழாயைச் செருகி மூவரும் தொங்கினார்கள். “பிள்ளையைக் கட்டிக் கொடுக்கக்கூட இவ்வளவு முக்கலை” என்றார் வாட்ச்மேன். கிறீச்சென்று கால் சுற்றுத் திரும்பியது. பிறகு அரைச் சுற்று. மதகு ஒரு முழம் திறந்தது, ஆனால் கிணற்றுக்குள் தண்ணீர் மூத்திரம் போலத்தான் வந்தது.

“வெளியில வலையை எதுவோ அடைச்சிட்டிருக்கு” என்றார் கணவர். சட்டையைக் கழற்றினார்.

“வேண்டாங்க. ஆளைக் கூப்பிடலாம்.”

“ஆள் வர்றதுக்குள்ள கடல் வந்துடும்.”

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கொக்கிக் கம்போடு, வெளிச்சுவரின் இரும்பு ஏணியில் இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நின்று வலையைக் கிளறினார். சாக்கு, ஆகாயத்தாமரை, ஒரு முழு மரக்கிளை. கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருந்தது. சாக்கு வந்தது. கொடி வந்தது. கிளையைக் கொக்கியால் மாட்டி இழுத்தார், அது பாதி திரும்பியது. அடைப்பு விலகிய இடத்தில் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது.

அவர் நின்ற ஏணிப்படி துருப்பிடித்திருந்தது. அது முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் தலை காணாமல் போனதுதான் தெரிந்தது.

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவள் அதைக் கைப்பிடிக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலை உதைத்துக்கொண்டாள். பாய்கிற தண்ணீர் அவரை வலையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வாட்ச்மேன் ஓடி வந்து கயிற்றைப் பற்றினார். இருவர் இழுத்தும் ஒரு விரல்கூட நகரவில்லை.

“கயித்தை விடுங்கண்ணே! மதகை மூடுங்க!”

“நீங்க தனியா…”

“மூடுங்கண்ணே!”

வாட்ச்மேன் ஓடினார். அவள் தனியாக நின்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏன் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே சக்கரம் அலறியது. இருபத்தாறு என்று எண்ணும்போது கயிறு தளர்ந்தது. தளர்ந்ததுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

பிறகு மரக்கிளை மேலே வந்தது. அதை ஒட்டி அவர் தலை வந்தது. இருமினார், துப்பினார், ஏணியின் அடுத்த படியைப் பிடித்தார். வாட்ச்மேனும் அவளும் அவரைப் பாலத்துக்கு இழுத்துப் போட்டார்கள். விலாவில் வலையின் கட்டம் கட்டமாக ரத்தக் கோடுகள்.

“அறிவிருக்கா உங்களுக்கு?” என்று கத்தினாள். “ஒரு வலைக்காக…” அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

“வலை சுத்தமாயிடுச்சு” என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. “திறக்கச் சொல்லு.”

இந்த முறை கிணறு மளமளவென்று நிறைந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள். நூற்றிருபது. கட்டு போட்ட கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். “நிலத்தடித் தொட்டியில இருக்கறது நல்ல தண்ணி. உப்பு ஏறினதை வழியிலயே வடிகால்ல விடச் சொல்லிட்டேன். நீங்க தைரியமா ஆரம்பிக்கலாம்.” அங்கிருந்த டெக்னீஷியன், “உங்க நாத்தனார் இப்பவே வந்து சீட்டுப் பிடிச்சுட்டாங்க மேடம்” என்றான்.

ஒன்றே முக்காலுக்கு உதவிப் பொறியாளர் வேர்த்து வழிந்துகொண்டு வந்து சேர்ந்தார். “யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? பெரியவர் என்னைக் காய்ச்சி எடுத்துட்டார்.”

அவள் அளவுத் தாளை நீட்டினாள். கடைசி வரியில், ஒன்றரை மணிக்கு எடுத்தது, பன்னிரண்டடியில், நாலாயிரத்து நூறு. அவர் அதைப் படித்தார். பாலத்தின் படியில் உட்கார்ந்தார். ஆபரேட்டரின் விலாவைப் பார்த்துவிட்டு, “டாக்டர்கிட்ட போனீங்களா?” என்றார்.

“தண்ணி இறங்கட்டும் சார், போறேன்.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஏறும்?”

“ரெண்டு இருபதுக்கு” என்றாள் அவள். “இன்னைக்கைவிட நாலு விரற்கடை கூட. அடுத்த வாரம் குறையும். அடுத்த மாசம் மறுபடி வரும்.”

நல்ல தண்ணீர் பிற்பகல் மூன்று பத்துவரை நின்றது. அதற்குப் பிறகு ஆற்று மட்டம் இறங்க, மேல் மதகு காற்றை உறிஞ்சத் தொடங்கியது. மோட்டாரை நிறுத்தினார்கள். ஊருக்குப் பாதித் தண்ணீர்தான் தேறியது. இருவரிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று சொன்ன உதவிப் பொறியாளர், அதே மூச்சில் மேல் மதகுக்குப் புது ஏணியும், நாளைக்கு இரண்டு ஆட்களும் கேட்டு எழுதிக்கொண்டார்.

டாக்டர், விலா முறியவில்லை, விரிசல்தான் என்றார். ஐந்தரை மணிக்கு அவள் ஸ்கூட்டரை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். தெருக்குழாய்களில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. வரிசை திருப்பம்வரை நீண்டிருந்தது, ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முதலில் நின்ற பெண் ஒரு கை தண்ணீரை ஏந்திக் குடித்துப் பார்த்தாள். இவள் வண்டியை மெதுவாக்கி நிறுத்தினாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு குடத்தைக் குழாயடிக்கு நகர்த்தினாள்.

“என்ன பாத்துட்டே நிக்கிற?” என்றார் கணவர் பின்னாலிருந்து. “போ. வலிக்குது.”