நாலு போல்ட்டில் நிற்கும் இருக்கை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றி எழுதியது அல்ல. எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குப் பொறுப்பான யசீகரன் ஒரு சனிக்கிழமை தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் ஸ்போர்ட்ஸ் காரில ஐரோப்பா சுத்தப் போறியளாம். மலருக்கு ஒரு பயணக் கட்டுரை தாங்கோ. மாதக் கடைசிக்குள்ள வேணும்."

"தம்பி, பயணம் இன்னும் தொடங்கேல்லையே."

"அது பரவாயில்லை அக்கா. ஆயிரத்தைஞ்ஞூறு சொல்லுக்கு மேல போகாமப் பாருங்கோ."

"ரெண்டு பேரும்" என்று அவர் சொன்னதை நான் திருத்தவில்லை. அப்போதே திருத்தியிருந்தால் நீங்கள் இப்போது வேறு யாருடைய கட்டுரையையோ வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: "காலைப் பனி விலகாத ஆல்ப்ஸ் மலையின் வளைவுகளில் அந்தச் சிவப்புக் கார் ஒரு —"

நான் ஆல்ப்ஸ் மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "பற்றிக்குக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி வீட்டுக்குள், மற்றவள் கராஜில் —"

இந்தப் பகிடியை எங்கள் ஆட்களின் அறுபதாவது பிறந்தநாள் விழாக்களில் எல்லா மனைவிமாரும் மைக்கில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல்: என் பெயர் ராசமணி. ஒக்லண்டில், ஹென்டர்சன் பக்கம் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். என் கணவரின் பெயர் பற்றிக். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் வேலையில் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றார். மாசி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜில் முப்பத்துமூன்று வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது.* அதைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பி, பிறகு விமானத்தில் போய்ப் பிடித்து, எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஐரோப்பா முழுக்க ஓட்டுவது அவருடைய திட்டம். காரில் இருக்கை இரண்டே இரண்டு.

* எந்தக் கம்பனியின் கார் என்று எழுத மாட்டேன். வக்கீல் கடிதம் வாங்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். முன்விளக்குகள் மூடியிருந்து எழும்பும் வகை. இடது விளக்கு வலதை விட ஒரு நொடி பிந்தித்தான் எழும்பும். ஒருநாள் கடை வாசலில் அது எங்கள் சங்கத்துப் பங்கஜம் ரீச்சரைப் பார்த்துக் கண்ணடித்ததில் அவர் எங்களோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

3

ஒரு கதாபாத்திரம் என்ற வகையில் பற்றிக்கின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. கதாபாத்திரம் என்றால் அதற்கு ஒரு ஆசை வேண்டும், அதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும். இவர் வாய் திறந்து ஆசைப்பட்டவை: நாலு புது ரயர், ரேடியேற்றருக்குப் புதுக் குழாய், பிறேக் எண்ணெய், ஐரோப்பாவில் எதிரே வருபவர்களின் கண் கூசாமல் இருக்க முன்விளக்கில் ஒட்டும் கறுப்பு ஸ்ரிக்கர்.

முதல் வரைவில் இவருக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். "பிழை பார்த்துத் தாருங்கோ" என்று தாளைக் கொடுத்தேன். பெயரைப் பென்சிலால் வெட்டிப் "பற்றிக்" என்று எழுதித் தந்தார். ஓரங்களில் வேறு குறிப்புகளும் இருந்தன.

"எஞ்சின் உறுமியது" என்ற இடத்தில்: "உறுமினால் சைலன்சரில் ஓட்டை. ஓட்டை இல்லை."

"கிளச் கம்பி அறுந்தது" என்ற இடத்தில்: "இதில் கம்பி கிடையாது. எண்ணெயில் வேலை செய்வது."

எங்கள் மகள் தனுஷிகா மவுண்ட் ஆல்பர்ட்டுக்குத் தனி வீடு பார்த்துப் போன நாளில் நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

4

பாதையைப் பற்றி எழுதாமல் பயணக் கட்டுரை எழுத முடியாது. லண்டன், பாரிஸ், சூரிச், எசன், ஒஸ்லோ. இந்த வரிசையில் காட்சி, கோட்டை, அருங்காட்சியகம் எதையும் தேடாதீர்கள். லண்டனில் பற்றிக்கின் தமக்கை, பாரிஸில் என் ஒன்றுவிட்ட அண்ணன், சூரிச்சில் மைத்துனி, எசனில் பழைய வகுப்புத் தோழன், ஒஸ்லோவில் இரண்டு குடும்பம். ஆல்ப்ஸ் மலை வழியில்தான் வருகிறது. ஆனால் அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்பதால் நிறுத்தம் போடவில்லை.

செய்தி எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. (தெரியும். நான்தான் பல் வைத்தியரின் மேசையில் இருந்து சொன்னேன். ஈறு மரத்துப்போய் இருப்பவர்கள் கூட அதை வெளியில் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை.) அடுத்த கிழமையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் குணரத்தினம் அண்ணை, பாரிஸில் இருக்கும் மகனுக்கு ஆட்டுத்தோல் விரிப்பு ஒன்றோடு வந்தார்.

"சின்னச் சாமான்தான் பற்றிக். சுருட்டினால் ஒண்டுமில்லை."

பற்றிக்குக்கு "இல்லை" என்று சொல்ல வராது. "பாப்பம்" என்பார். எங்கள் ஆட்களிடம் "பாப்பம்" என்று சொன்னால் அன்று பின்னேரமே பார்சல் வந்துவிடும்.

பிறகு ஆனந்தவல்லி அக்கா, சூரிச்சில் இருக்கும் தங்கைக்குப் பித்தளை இடியப்ப உரல் கொண்டுவந்தார். சூரிச்சில் கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்குமாம், ஆனால் அவர்களுடைய உரலில் ஓட்டை பெரிதாம். பங்கஜம் ரீச்சர் கண்ணடிப்பை மன்னித்து, ஒஸ்லோவில் இருக்கும் பெறாமகளின், அதாவது தமக்கையின் மகளின், கலியாணப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு தந்தார். கலியாணம் ஒஸ்லோவில்தான் நடந்தது. ரீச்சருக்கு ஒரு படம் அனுப்பினார்கள், அதை ரீச்சர் பெருப்பித்து அவர்களுக்கே திருப்பி அனுப்புகிறார்.

அந்தக் காரின் பின்பெட்டிக்குள் மேலதிக ரயர் ஒன்றும், ஒரு சின்னச் சோற்றுப் பானையும் வைக்கலாம். பானை சின்னதென்றால்.

5

"இஞ்சேரும்," என்றார் பற்றிக். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசையில். "கப்பல்காரருக்கு உள்ளுக்கு இருக்கிற சாமான்ர பட்டியல் வெள்ளி மத்தியானத்துக்குள்ள குடுக்கோணும்."

"ஓம்."

"நீர் வாறீரோ இல்லையோ எண்டு சொல்லும். இல்லையெண்டால் மற்றச் சீற்றைக் கழட்டிப்போட்டுச் சாமானை அடுக்கலாம். நாலு போல்ட்தான். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்."

தொடக்கத்தில் வரமாட்டேன் என்று சொன்னது நான்தான். "எட்டுக் கிழமை உந்தத் தகரத்துக்குள்ள என்னால இருக்க ஏலாது" என்று ஜனவரியில் சொன்னேன். கலியாணம் முடித்த முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்னதில் அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"தனிய ஓடுறது கஷ்டமில்லையோ?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"கஷ்டம்தான். இஞ்ச நாங்கள் றோட்டில இடப்பக்கம் ஓடுறம், ஸ்ரியரிங் வலப்பக்கம். அங்க வலப்பக்கம் ஓடுறவை. முன்னுக்கு லொறி நிண்டா எதிர வாறது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கிற ஆள்தான் எட்டிப் பார்த்துப் போகலாமோ எண்டு சொல்லோணும்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"கமெரா ஒண்டு ஓடர் பண்ணியிருக்கிறன்."

நான் பாத்திரம் கழுவ எழுந்து போனேன். என் இடத்துக்கு ஒரு கமெராவும் ஒரு இடியப்ப உரலும் வருகின்றன.

(புதன்கிழமை தபாலில் மஞ்சள் நிற ஒளிரும் மேலங்கி இரண்டு வந்தது. வழியில் கார் நின்றால் போட்டுக்கொள்வதற்கு. இரண்டு! ஒன்று எனக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு பெட்டியின் மேல் வாசித்தேன். சோடியாகத்தான் விற்கிறார்களாம்.)

6

தனுஷிகாவுக்குத் தொலைபேசி எடுத்து, இருக்கை கழற்றப்போவதைச் சொன்னேன்.

"மம், யூ டோன்ற் ஈவன் லைக் த கார்," என்றாள். எனக்கு அந்தக் காரையே பிடிக்காதாம்.

"காரைப் பற்றி இப்ப ஆர் கதைச்சது?" என்று வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் கதைசொல்லி ஒளிந்துகொள்ளலாம். இரண்டு வரி வானிலை எழுதலாம், ஒக்லண்டில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் தகரம் இல்லை. பயம். மகள் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் கதைப்பதெல்லாம் அவளைப் பற்றியும் குப்பைத்தொட்டியை வாசலில் வைக்கும் நாளைப் பற்றியும்தான். வீட்டில் அது பரவாயில்லை. அவர் கராஜுக்குப் போகலாம், நான் ஏதாவது எழுதலாம். அந்தக் காரில் இரண்டு பேருக்கும் நடுவில் கியர் தடி மட்டும்தான் இருக்கிறது. பாரிஸில் இருந்து சூரிச் வரை சொல்ல ஒன்றும் இல்லாமல் போனால் என்ன செய்வது? அது தெரியாமலே இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

இப்போது இருக்கை போகப் போகிறது என்றதும், தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

7

முடிவு அ: ராசமணி போகிறாள். லொறியின் பின்னால் கார். அவள் இடப்பக்கம் எட்டிப் பார்த்து "இப்ப போங்கோ" என்கிறாள். அவர் போகிறார். மலைகள், ஏரி, இருவரும் சிரிக்கிறார்கள். (நான் சொல்லி அவர் உடனே செய்கிறார் என்பதை வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: இருக்கை கழற்றப்படுகிறது. ராசமணி எட்டுக் கிழமை வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள். விரும்பிய நேரம் சாப்பிடுகிறாள், முழுக் கட்டிலிலும் படுக்கிறாள். ஒன்பதாம் நாள் தேவையில்லாமல் கராஜுக்குள் போய் விளக்கைப் போட்டு — இல்லை. இதை எழுத எனக்கு விருப்பமில்லை.

முடிவு இ: கார் கப்பலில் ஏற முன்னமே துருப்பிடித்து இரண்டாக உடைகிறது. (பிறகு இந்த இடத்தில் பற்றிக்கின் பென்சில்: "இதை எழுத வேண்டாம்.")

8

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "வாறீரோ இல்லையோ" என்று பட்டியலுக்காகக் கேட்காமல் அவர் என்னை வரச் சொல்ல வேண்டும். எழுதுகிறவளுக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது அல்லவா? எழுதிப் பார்க்கிறேன்:

"நீரும் வாரும், ராசமணி. தனியப் போக எனக்கு விருப்பமில்லை," என்றார் பற்றிக்.

எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். ஆனால் இது நானே என்னை அழைப்பது. இந்த ஒரு வசனத்தை அவருக்காக நான் எழுத முடியாது. ஆகவே இப்படி விட்டேன்:

பற்றிக் சொன்னார்: "........................................"

இதுவரை எழுதியதை வியாழன் காலையில் அச்செடுத்து, "பிழை பார்த்துத் தாருங்கோ" என்று சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று மூன்று பேருக்குத் தவறான நேரம் கொடுத்தேன். ஒருவருக்குப் பல்லே இல்லாத பக்கத்தில் பல் பிடுங்க நாள் குறித்தேன்.

9

பின்னேரம் வந்தபோது தாள்கள் மேசையில் இருந்தன. நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை. தேநீர் போட்டேன். ஒழுங்காக முதலில் இருந்து பார்த்தேன்.

ஐந்தாம் பகுதியில்: "போல்ட்டுக்கு ஸ்பானர் பன்னிரண்டாம் நம்பர் இல்லை, பதினாலு. நான் பிழையாகச் சொன்னது." ஆறாம் பகுதியில், பயம் என்று நான் எழுதிய இடத்தில், பென்சிலை அழுத்தி வைத்து எடுத்த ஒரு புள்ளி. அதற்குப் பிறகு ஏதோ எழுதி அழித்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை.

எட்டாம் பகுதியில் நான் விட்ட கோட்டின் மேல், இடம் போதாமல் ஓரத்துக்கும் வளைந்து போன எழுத்தில் இது இருந்தது:

"சீற் முன்னுக்குப் பின்னுக்கு அசையிற தண்டு கறள் பிடிச்சு இறுகிப்போச்சு. இண்டைக்கு முழுக்கக் கழட்டித் தேச்சுக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டியிருக்கிறன். உமக்குக் காலுக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு எனக்குச் சரியாத் தெரியேல்லை. ஒருக்கா இருந்து பார்த்துச் சொல்லும்."

மூன்று தரம் வாசித்தேன். இலக்கியமாக இதில் ஒன்றும் இல்லை. கதையின் உச்சத்தில் எந்த எழுத்தாளரும் கிறீஸ் பூச மாட்டார். நான் எழுதியிருந்தால் நூறு மடங்கு நல்ல வசனம் எழுதியிருப்பேன், எழுதியும் இருக்கிறேன், மேலே இருக்கிறது. அதனால்தான் இது அவருடையதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. மேசையில் தனியே இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

10

யசீகரனுக்கு முடிவு வேண்டுமாம். ஆயிரத்தைஞ்ஞூறு சொல்லும் நெருங்கிவிட்டது. பட்டியல் கொடுக்க நாளை மத்தியானம் வரை நேரம் இருக்கிறது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நடைவழியில் ஆட்டுத்தோல் விரிப்பும் இடியப்ப உரலும் கண்ணாடிச் சட்டமும் வரிசையாக இருக்கின்றன. அவற்றை உரியவர்களிடம் கொண்டுபோய், காரில் இடமில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பற்றிக்குக்கு அது வராது. எனக்குக் கராஜில் வேலை இருக்கிறது.