ஐந்து லிட்டரா, ஏழு லிட்டரா

லோகப்பிரியாவுக்கு வேண்டியது மாவு பிசைகிற ஒரு ஸ்டாண்ட் மிக்சர். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையில் அவளுக்கு வேண்டியது ஹரிதா. ஹரிதாவைக் கடையில் விற்கமாட்டார்களே, அதனால் மிக்சரைத் தேடினாள்.

கருமத்தம்பட்டியில் நாள் முழுக்கத் தறிச்சத்தம் கேட்கிற ஒரு வீதியில் அவள் வீடு. அந்த வீட்டுச் சமையலறைதான் அவளுடைய பிரெட் தொழிற்சாலை. அவிநாசி ரோட்டு அபார்ட்மென்ட்காரர்கள் அவளுடைய மில்க் பிரெட்டுக்கும் பன்னுக்கும் சொல்லிவைத்து வாங்குவார்கள். ஆனால் அது அவள் ஒருத்தி தொடங்கிய தொழில் இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் மகள் ஹரிதாவும் அவளும் சேர்ந்து தொடங்கியது. ஒருத்தி பிசைவாள். அவள் கை ஓய்ந்ததென்று தெரிந்ததும் மற்றவள், "அக்கட்டப் போடி" என்று இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு அதே மாவில் கையை வைப்பாள். நடுவில் வாய் மட்டும் ஓயாது. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது, யாருக்கு யாரைப் பார்க்கிறார்கள், எல்லாம் அந்த மாவோடு சேர்ந்து பிசையப்படும். உப்புப் போட மறந்தது யார் என்று ஒருநாள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் தறிக்காரர்களே வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

போன தை மாதம் ஹரிதாவுக்குக் கல்யாணமாகிப் போனது. மாப்பிள்ளை வீடு ஆர்.எஸ்.புரம். ஆர்.எஸ்.புரம் என்ன அமெரிக்காவா, பஸ் ஏறினால் போய் நிற்கிற தூரம்தானே என்று லோகப்பிரியா தன்னைத் தேற்றிக்கொண்டாள். அங்கேதான் ஏமாந்தாள். மில் வைத்திருக்கிற பெரிய குடும்பம். அந்த வீட்டு மருமகள் பிறந்த ஊருக்கு பஸ் ஏறி வந்து மாவு பிசைந்துவிட்டுப் போவாளா? வருவாயா என்று இவள் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. முதலில் தினமும் போன். பிறகு விருந்து, உறவு, புதுவீட்டு வேலை. கடைசியில், ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். இவளும் பதிலுக்கு ஒரு செம்பருத்தியை அனுப்புவாள். அந்தப் பூக்களைப் பார்த்தாலே லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பூவா கேட்டேன் உன்னை?

தனியாகப் பிசைந்து பிசைந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. "மிஷின் வாங்கோணுமுங்க" என்று புருஷன் நிதீஷிடம் சொன்னாள்.

"ஊட்லதான் மிக்சி இருக்குதே, இன்னொரு மிக்சி எதுக்கு?"

"அது சட்னி அரைக்கறது. இது மாவு பிசையறதுங்க."

"அதுக்குத்தான் கிரைண்டர் இருக்குது! கிரைண்டரை உலகத்துக்கே செஞ்சு அனுப்பற ஊர்ல இருந்துட்டு, பிசையறதுக்கு வேற மிஷினா? சப்பாத்தி மாவு பிசையற கம்பி கூடவே குடுத்தாங்கல்ல, அதை மாட்டிப் பாரு."

கோயமுத்தூர்க்காரனிடம் கிரைண்டரைப் பற்றி எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியுமா? மாட்டிப் பார்த்தாள். பிரெட் மாவு சப்பாத்தி மாவு மாதிரி சொன்ன பேச்சுக் கேட்காது. கம்பியைப் பிடித்து மேலே ஏறி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே தொங்கியது. நிதீஷ் பார்த்தான். "வாங்கிப்போடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

எதை வாங்குவது என்பதுதான் அடுத்த கேள்வி. வீடியோக்களைப் பார்த்துத் தள்ளினாள். எத்தனை வாட் என்று பார்க்கச் சொன்னார்கள், மாவு பிசைகிற கொக்கியைப் பார்க்கச் சொன்னார்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரமா இரும்புப் பல்சக்கரமா என்று கேட்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சலித்த பிறகு அவள் கையில் நின்றது ஒரே சந்தேகம்தான். ஐந்து லிட்டர் கிண்ணமா, ஏழு லிட்டர் கிண்ணமா? ஒரு ஆள் மட்டும் செய்வதென்றால் ஐந்து போதும். ஒருத்தி பிசைய, இன்னொருத்தி உருட்டி அச்சில் போட, அடுப்பு ஓயாமல் எரிய வேண்டுமென்றால் ஏழு வேண்டும். ஆக, எத்தனை லிட்டர் என்கிற கேள்வியும் ஹரிதா திரும்பி வருவாளா என்கிற கேள்வியும் ஒன்றுதான். அதை அவளிடம் தவிர வேறு யாரிடம் கேட்க முடியும்?

'மிஷின் எடுக்கறதுக்கு உங்க ஊருப் பக்கம் வாரேன். நீயும் கடைக்கு வரயா?' என்று அனுப்பினாள்.

பூப்படம் வரவில்லை. உடனே பதில் வந்தது. 'நாளைக்கே வா. நானில்லாம எடுத்தயோ, பாத்துக்க.'

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு லோகப்பிரியா அன்று முழுக்கப் பறந்தாள். பன்னுக்கு முட்டை தடவ மறந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவள் போலச் சேலையை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மறுநாள் ஒரு போசியில் மைதாவும் ஈஸ்ட்டும் கலந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் பஷீர் நல்ல மனுஷன். "உங்க மாவையே கொண்டாங்க, ரெண்டு மிஷின்லயும் பிசைஞ்சு காட்டறேன். கண்ணுல பாத்துட்டு எடுங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார். மேசைமேல் இரண்டையும் துடைத்துவைத்திருந்தார். சின்னது தலையைத் தூக்குகிற ரகம். பெரியது கனமாக, அசையாமல் நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது. ஹரிதா இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. லோகப்பிரியாவும் ஓட்டமாக வாசலுக்குப் போனாள். அந்தப் பக்கக் கதவு திறந்தது. ஹரிதாவின் மாமியார் வெங்கடம்மாள், பட்டுச்சேலை கசங்காமல் நிதானமாக இறங்கினார்.

"வாங்க" என்றாள் லோகப்பிரியா, ஹரிதாவைப் பார்த்து. "நல்லா இருக்கீங்களா?"

இந்த ஊரின் வியாதி அது. ஏதாவது வீட்டு வாசலில் நாய்க்குட்டி படுத்திருந்தால் அதைக்கூடக் கொஞ்சம் தள்ளிப் படுங்க என்று சொல்லிவிட்டுத் தாண்டுகிற ஜனம். கட்டிக்கொடுத்த பெண்ணை அவள் மாமியார் முன்னால் வாடி போடி என்றால், அந்த வீட்டில் அவளுக்கு மதிப்புக் குறைந்துபோகும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். லோகப்பிரியா ஹரிதாவைத் தூக்கி உயரத்தில் வைப்பதாகத்தான் நினைத்தாள். பைத்தியக்காரி.

ஹரிதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லா இருக்கேனுங்க" என்றாள். "நீங்க?"

அந்த 'நீங்க' லோகப்பிரியாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. தான்தான் முதலில் தொடங்கினோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரிய வீட்டுக்குப் போனவள், மாறிவிட்டாள் என்று நினைத்தாள்.

பஷீர் சின்ன மிஷினில் மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டு ஓடவிட்டார். மாவு இறுக இறுக மிஷின் மேசைமேல் நகர ஆரம்பித்தது. அவர் அதன் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாவு சேந்துபோச்சுன்னா இது கொஞ்சம் நடக்குமுங்க. அளவாப் போட்டா ஒண்ணும் பண்ணாது." பிறகு அதே மாவைப் பெரியதில் மாற்றினார். அது நின்ற இடத்திலேயே நின்று, உறுமலில்லாமல் சுற்றியது.

ஹரிதாவுக்குக் கை நிற்குமா? வளையலை மேலே ஏற்றிவிட்டு, ஓய்ந்த கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒரு துண்டு மாவைக் கிள்ளினாள். இரண்டு கையாலும் மெல்ல இழுத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். மாவு சவ்வாக விரிந்து ஓரத்தில் பிய்ந்தது. பிய்ந்த ஓரத்தை லோகப்பிரியாவும் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

லோகப்பிரியாவுக்கு, மாவை இழுத்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, வந்துவிடடி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்தக் கை பக்கத்தில் இல்லாமல்தானே தினமும் பாதி சமையலறை காலியாகக் கிடக்கிறது! ஆனால் பக்கத்து நாற்காலியில் வெங்கடம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எது எடுக்கலாமுங்க?" என்று கேட்டாள்.

ஹரிதா அவளையே பார்த்தாள். "அங்க இப்ப எத்தனை பேர் வேலை செய்யறீங்க?"

அவள் கேட்டதன் பொருள் இவளுக்குப் புரியவில்லை. மாமியார் முன்னால் ஆள் இல்லையென்று அழுதால், மருமகளை மாவு பிசையக் கூப்பிட வந்தவள் என்று ஆகிவிடாதா? தலையை நிமிர்த்திக்கொண்டு, "நான் ஒருத்திதானுங்க. சமாளிச்சுக்கறேனுங்க" என்றாள்.

ஹரிதா கையில் இருந்த மாவைக் கிண்ணத்தில் போட்டாள். "ஒருத்திக்குன்னா சின்னதே போதுமுங்க" என்றாள். காரில் போனை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி வெளியே போனாள்.

அவ்வளவுதான். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. "சின்னதையே கட்டுங்கண்ணா" என்று லோகப்பிரியா பஷீரிடம் சொன்னபோது அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

வெங்கடம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏனுங்கம்மணி, பெருசு வேண்டாமா?"

"போதுமுங்க."

"எனக்கொண்ணும் வெளங்கல. ரெண்டு பேருக்கும் சேத்திப் பெருசுதான் எடுக்கோணும்னு நேத்தெல்லாம் எங்கிட்ட அதே பேச்சு. உங்க ஊட்டுக்கு வந்து பிரெட் செய்யறேன்னு எங்கிட்டச் சரி வாங்கறதுக்குள்ள அவ பட்ட பாடு! நானும் சரின்னுபோட்டேன். உங்களையும் ஒருக்கா பாத்துப்போடலாம்னுதான் கூடவே வந்தேன். இங்க வந்தா, நீங்க ஒருத்தியே போதும்ங்கறீங்க."

லோகப்பிரியா கடை வாசலைப் பார்த்தாள். அடிப் பாவி, என்ன செய்துவிட்டேன்! வாங்க என்றது, சமாளிச்சுக்கறேனுங்க என்றது, எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக அவளையே குத்தின. நீ எனக்கு வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாக யாராவது சொல்ல முடியுமா? தெருவுக்கு ஓடினாள். ஹரிதா காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போனாள்.

"ஏ புள்ள! ஹரிதா! நில்லுடி!"

எதிரே பட்டுக்கடையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கூட்டர்காரர் ஒருவர் பிரேக் அடித்தார். வெங்கடம்மாள் பின்னாலேயே வந்து கடைப்படியில் நின்றார். யார் பார்த்தால் என்ன, இன்னொரு ங்க சொன்னால் அவள் போயே போய்விடுவாள்.

ஹரிதா இறங்கினாள். கண் நிறைந்திருந்தது. "யாரைடி ங்க போட்டுக் கூப்புட்ட? நானென்ன உன்ற ஊட்டுக்குச் சம்பந்தம் பேசவா வந்தேன்?"

"உங்க அத்தை முன்னாடி எப்படிடி..."

"அவங்க பாக்க வந்ததே உன்னையத்தான். என்னைய வெளியாளாக்கி நிறுத்திப்போட்டயே!"

"தப்புத்தான்டி. நீயில்லாம எனக்கு ஆகறதில்ல. கை வலிக்குதுன்னு சொல்லல. அந்தச் சமையக்கட்டுக்குள்ள போகவே பிடிக்கல. மாவு பிசையறப்ப அக்கட்டப் போடின்னு சொல்ல ஆளில்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள். சேலைத் தலைப்பை எடுத்துத் துடைக்க, கையில் ஒட்டியிருந்த மாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது.

வெங்கடம்மாள் பட்டுக்கடை வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "அழுகறதுன்னா உள்ள போய் அழுகுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் திரும்பினார்.

ஹரிதா மூக்கை உறிஞ்சினாள். "லோகு, முன்னாட்ட முடியாதுடி. வாரத்துல ரெண்டு நாளு. புதனும் சனியும். பொழுது சாயறதுக்குள்ள ஊடு வந்து சேந்தறோணும். அத்தனைதான் கேட்டு வாங்க முடிஞ்சுது. போதுமா?"

முன்பெல்லாம் விடிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் கொல்லைப்புறமாக வந்து நிற்பாள். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. லோகப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி" என்றாள்.

போதாது. மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய கிண்ணத்தின் அடியில் பாதி மாவு தனியாகத்தான் சுற்றப்போகிறது. அது நன்றாகத் தெரிந்துதான், உள்ளே போனதும், சின்னதைக் கட்டிக்கொண்டிருந்த பஷீரிடம் ஏழு லிட்டரை எடுத்துவைக்கச் சொன்னாள்.