இடது பக்கத்து சீட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்த விஷயத்தில் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், குறுவை நெல் நன்றாக விளைந்து கண்டுமுதல் ஆன வருஷம், ஒரு பழைய கார் வாங்கினேன். திருப்பனந்தாளில் எங்கள் தெருவுக்கு அது மூன்றாவது கார். ஓட்டுவது நான். இடது பக்கத்து சீட் என் மனைவி சாவித்திரிக்கு. கும்பகோணம் போய்த் திரும்பினால் போதும், கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இடுப்பில் கையை வைத்து அப்படியே நின்றுவிடுவாள்.

“என்னங்க, இந்த சீட் முதுக ஒடிக்குது.”

“சீட்ல ஒண்ணும் இல்ல. உன் இடுப்புலதான் கோளாறு. இதே வண்டியிலதான நானும் வர்றேன்?”

போதாததற்கு, இறங்கும்போதெல்லாம் ஒரு பழைய துண்டை மடித்தபடி சீட்டிலேயே விட்டுவிட்டுப் போவாள். வண்டி என்ன குப்பைத்தொட்டியா என்று கத்திவிட்டு, அந்தத் துண்டாலேயே முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடியில் வீசுவேன். அடுத்த பயணத்துக்கு இன்னொரு துண்டு வந்துவிடும்.

போன தை மாதம் எங்கள் ஒரே மகள் மோகனப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். வேதாரண்யத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்துவர வேண்டும். சாவித்திரி ஒரு மாதமாக அதே நினைப்பில் இருந்தாள். வளையல் வாங்கியாயிற்று, கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் கூடக் காய்ச்சியாயிற்று. விசேஷத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, வளையல்களைப் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“நீங்க மட்டும் போய்ப் புள்ளையக் கூட்டிட்டு வந்துடுங்க.”

“என்னது?”

“மூணு மணி நேரம் என்னால உக்கார முடியாதுங்க. டாக்டர் சொன்னாருல்ல, முதுகுத்தண்டுல வட்டு விலகியிருக்குன்னு.”

“பின்சீட்ல படுத்துக்கிட்டு வாயேன்.”

“பொண்ணுக்கு வளையல் போடப் போறவ படுத்துக்கிட்டா போவா? அங்க நாலு பேரு கைத்தாங்கலா என்னை எறக்குவாங்க. அதப் பாத்தா அவ மனசு தாங்குமா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஒரு சத்தம் போட்டிருப்பேன். முடிவெடுத்துவிட்டவள் மாதிரி பையின் வாயைக் கட்டினாள். தாய் இல்லாமல் ஒரு வளைகாப்பா?

மறுநாள் காலையிலேயே வண்டியைக் கும்பகோணத்துக்கு விட்டேன். ஜாஹித் அங்கே கார் சீட் தைக்கிறவர், நாற்பது வயது இருக்கும், நிதானமான மனுஷன்.

“தம்பி, இந்த சீட்டுக்கு நல்லாப் பெருசா ஒரு மெத்தை வச்சுக் குடு” என்றேன்.

“அண்ணே, இதுல நீங்க உக்காந்து பாத்திருக்கீங்களா?”

“என் வண்டியில நான் ஏன்யா இந்தப் பக்கம் உக்காரப் போறேன்?”

அவர் சாவிக்குக் கையை நீட்டினார். “அப்ப ஏறுங்க. பாபநாசம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்.”

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்த இடம் பின்பக்கமாக உள்ளே இறங்கியது, முழங்கால் மேலே தூக்கிக்கொண்டது. அடிமுதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, பள்ளம். பாபநாசம் வருவதற்குள் ஒருநாள் முழுக்கக் குனிந்து நாற்றுப் பறித்த மாதிரி இடுப்பு கனத்தது.

“போதும் தம்பி, நிறுத்து.”

“இன்னும் திரும்பிப் போகணும்லண்ணே” என்று சிரித்தார்.

திரும்பும்போது தாங்க முடியவில்லை. முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று என் கை அதுபாட்டுக்குத் துழாவியது. சீட்டுக்கு அடியில் ஒரு பழைய துண்டு கிடந்தது. எடுத்து நாலாக மடித்து இடுப்புக்குப் பின்னால் செருகினேன். கொஞ்சம் உயிர் வந்தது.

அப்போதுதான் சுருக்கென்றது. அடப்பாவி, இதைத்தானே அவள் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்! அவள் துண்டை மறந்துவிட்டுப் போகவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அதை உருவிக் கண்ணாடி துடைத்திருக்கிறேன்.

ஜாஹித் சீட்டின் உறையைப் பிரித்தார். உள்ளே நெல்மணி, யூரியா, களிமண் கட்டி. ஸ்பாஞ்சு அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. முதுகைத் தாங்கும் கம்பிகளில் இரண்டு அறுந்து தொங்கின.

“அண்ணே, இதுல ஆளு உக்காந்தாங்களா, மூட்டை உக்காந்துச்சா?”

மூட்டைதான் உட்கார்ந்தது. உர மூட்டை, விதைநெல் மூட்டை, கருகிப்போய்ச் செப்புக்கம்பிக் காயில் கட்ட எடுத்துப்போன பம்புசெட் மோட்டார், எல்லாம் அந்த சீட்டில்தான் ஏறின. பின்சீட் என்றால் குனிந்து எடுக்க வேண்டும். முன்சீட் என்றால் கதவைத் திறந்து தொப்பென்று போட்டால் தீர்ந்தது. என் முதுகு வலிக்காமல் இருக்க நான் கண்ட வழி அது!

“அண்ணி இடுப்பு வளைவு உக்கார்ற எடத்துலேர்ந்து எவ்வளவு ஒசரம்ண்ணே? உங்க அளவுக்கு வச்சா அவங்களுக்கு வேற எடத்துல முட்டும். மெத்தை பெருசாப் போனாலும் தப்பு, ஆளை முன்னால தள்ளும்.”

எந்த வயலில் எந்த மூலை மேடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதை வீட்டுக்குப் போய் அளந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாவித்திரியைப் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்காரச் சொன்னேன். அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டேன்.

“என்னங்க இது, பட்டப்பகல்ல? வாசக்கதவு தொறந்து கெடக்கு!”

“பேசாம இரு.”

என் உள்ளங்கை அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது. கீழேயிருந்து அளந்தேன். ஒரு சாணுக்கு மூன்று விரல் குறைவு. கையை எடுக்க மனம் வரவில்லை.

“அந்தத் துண்டெல்லாம் முதுகுக்கா வச்சிருந்த?”

“பின்ன?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். நீங்க கண்ணாடி தொடச்சிக்கிட்டிருந்தீங்க.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜாஹித் புதுக் கம்பி கட்டி, உட்காரும் இடத்தின் பின்பக்கத்தை உயர்த்தி, நான் சொன்ன அளவில் மெல்லிசாக, கெட்டியாக ஒரு பட்டை வைத்துத் தைத்துக்கொடுத்தார். வளைகாப்பன்று விடிந்ததும் கிளம்பினோம். அரைமணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி அவளை நடக்கவிட்டேன். மன்னார்குடி தாண்டியும் அவள் முகம் சுளிக்கவில்லை. நான் சாலையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம்.

வேதாரண்யத்தில் மகள் வாசலிலேயே காத்திருந்தாள். சாவித்திரி கதவைப் பிடிக்கவில்லை, இடுப்பில் கை வைக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று போய் மகளின் கன்னத்தை வழித்தாள். தாயின் கையால் மகளுக்கு வளையல் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

மத்தியானம் கிளம்பும்போது பார்த்தால், சாவித்திரி மகளை முன்சீட்டில் உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“அது ஒனக்குன்னு தச்சது!” என்று கத்தினேன்.

“அவளும் என் ஒசரந்தான். புள்ளத்தாச்சி நல்லா உக்காந்து வரட்டும்.”

அவளிடம் வாதாடி யார் ஜெயித்தது? வண்டியில் இருந்த ஒரே துண்டை நாலாக மடித்தேன். பின்கதவைத் திறந்து, ஒரு சாணுக்கு மூன்று விரல் குறைவு அளந்து, பின்சீட்டில் ஏறியிருந்த சாவித்திரியின் முதுகுக்குப் பின்னால் நானே வைத்தேன்.

“கொஞ்சம் கீழங்க.”

“இப்ப?”

“ம். இப்ப சரியா இருக்கு.”

வண்டியில் ஏறப் போனேன். முன்கண்ணாடி முழுக்க உப்புக்காற்றில் பிசுபிசுவென்று படிந்திருந்தது. பழக்கதோஷத்தில் கை துண்டைத் தேடியது. பிறகு, விசேஷத்துக்குக் கட்டியிருந்த பட்டு வேட்டியின் நுனியைத் தூக்கி அழுத்தித் துடைத்தேன்.

“அப்பா! பட்டு வேட்டிப்பா!” என்று மகள் பதறினாள். “துண்டு இல்லையா?”

“இருக்கும்மா. அது அம்மாவுக்கு வேணும்.”

துடைத்த கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பின்சீட்டில் சாவித்திரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.